நில்லு என்று சொல்பவர்

வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, விரல்களை விரித்து, "நில்லு நில்லு" என்பார். எதிரே இருப்பது ஆளா, ஆடா, ஓடிக்கொண்டிருக்கும் மிக்ஸியா என்றெல்லாம் பார்க்க மாட்டார். சொன்னால் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

என் கணவரின் அண்ணன் மனைவி அவர். கல்யாணமாகி வெண்ணாற்றங்கரையில் இருக்கும் அந்த வீட்டுக்கு நான் வந்த முதல் வாரமே எனக்கு அது நேர்ந்தது. அடுப்பில் குக்கர் இருந்தது, நான் பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அக்கா அங்கிருந்தபடியே, "நில்லு நில்லு, அடுப்ப அணை" என்று கத்தினார். நான் கத்தியைப் போட்டுவிட்டு அடுப்பை அணைத்தேன். ஓடிவந்தவர் ஆவி அடங்கும்வரை நின்று, மூடியைத் திறந்து, ரப்பரை விரலால் தடவிப் பார்த்தார். ரப்பர் நன்றாக இருந்தது. பருப்பும் பதமாக வெந்திருந்தது.

"ஒண்ணுமில்ல புள்ள. விசில் கொஞ்சம் தாமசமா வந்த மாதிரி இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பத் துணி உலர்த்தப் போய்விட்டார். நல்ல ஓரகத்தியிடம் வந்து மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன்.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் கடல் தாண்டித்தான் வேலை. பெரியவர், அதாவது என் மூத்தார், சிங்கப்பூர்; என் வீட்டுக்காரர் துபாய். வயல் முழுக்க அக்கா பொறுப்பு. என்ன விதை, எப்போது உழவு, எந்தப் பக்கம் நடவு, எந்தப் பக்கம் தெளிப்பு என்று எல்லாவற்றையும் அவர்தான் முடிவு செய்வார். அதுவும் நின்ற இடத்தில் செய்வார். எனக்கு ஒரு புடவை எடுக்கவே அரை நாள் வேண்டும். எடுத்து பில் போட்ட பிறகு கடை வாசலில் நின்று, அந்தப் பச்சையையே எடுத்திருக்கலாமோ என்று யோசிக்கிற ஜென்மம் நான். அக்கா உள்ளே போன வேகத்தில் வெளியே வருவார். ஆனால் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற பாதி வழியில் சட்டென்று நின்று, "இது வேணாம்" என்று திரும்பிப் போய் மாற்றிக்கொண்டும் வருவார். கடைக்காரர் முகம் சுளித்தால் அவருக்கு ஒன்றும் ஆகாது. திரும்பிப் போவதில் என்ன கேவலம் இருக்கிறது என்று அவருக்கு ஒருநாளும் புரிந்ததே இல்லை.

ஒரு தடவை சுவாமிமலையில் ஒரு கல்யாணம். கார் பிடித்து, சீர்த்தட்டோடு புறப்பட்டுப் பாபநாசம் தாண்டிவிட்டோம். அக்கா முன் சீட்டிலிருந்து கையைத் தூக்கினார். டிரைவர் பிரேக் போட்டதில் தாம்பாளத்து ஆப்பிள் எல்லாம் என் காலடியில் உருண்டது.

"என்னக்கா?"

"என்னமோ சரியில்ல. வண்டியத் திருப்புங்க."

திருப்பினோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் பூட்டு பூட்டியபடி இருந்தது. கேஸ் மூடியிருந்தது. மோட்டார் நின்றிருந்தது. ஆடு கட்டின இடத்தில் அசை போட்டுக்கொண்டிருந்தது. மறுபடி புறப்பட்டுப் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து, பந்தியில் இரண்டாவது வரிசை எழுந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா ரசத்தைப் பிசைந்துகொண்டே, "ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சிக்கிட்டோம்ல, விடு" என்றார். பத்துக்கு ஆறு தடவை இப்படித்தான் ஒன்றுமில்லாமல் போகும். அதைக் கேலி செய்யாத ஆள் எங்கள் தெருவில் இல்லை.

மிச்ச நான்கு தடவைகள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. ஒரு வருஷம் மேட்டூரில் தண்ணீர் திறக்க நாள் தள்ளிக்கொண்டே போனது. அக்கா ஐந்து மாதத்துக்கு மேல் நிற்கிற நீண்ட கால நெல்லைத்தான் அந்த முறை வாங்கி வைத்திருந்தார். தண்ணீர் வந்ததும் ஊறப்போட்டாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் விதையை ஊறப்போட்டால் அப்புறம் பேச்சே கிடையாது. ஊறின விதையைச் சாக்கில் கட்டி வைத்து, வெள்ளை முளை மூக்கு நீட்டினதும் சேற்றில் தெளித்துவிட வேண்டும். நேரம் தள்ளினால் வேர் நீண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளை வேண்டாம் என்று சொன்னாலும் சொல்லலாம், ஊறின விதையை வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அக்கா சாக்கை அவிழ்த்து, ஒரு கை விதையை அள்ளி, முளையைப் பார்த்தார். அப்புறம் "நில்லு" என்றார். தன்னைத்தானே சொல்லிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

"இது பால் பிடிக்கிற நேரத்துக்கு ஆத்துல தண்ணி இருக்காது புள்ள. ஆட்டுக்குப் போடு."

அவ்வளவு விதையும் ஆட்டுக்குப் போனது. குறைந்த நாள் நெல் வாங்கி வந்து தெளித்தோம். கொஞ்ச நாளைக்குத் தெருவே சிரித்தது. தை கடைசியில் ஆற்றை மூடினார்கள். எங்கள் வயல் அறுவடைக்கு நின்றது. பக்கத்து வயல்களில் கதிர் வெளியே வந்தும் வராமலும் தண்ணீருக்கு நின்றது. அக்கா அதைச் சொல்லிக் காட்டியதே இல்லை. எனக்குத்தான் சொல்லிக் காட்ட நாக்கு துறுதுறுத்தது.

இவ்வளவு சொல்கிறேனே, அந்த மனுஷி அடிபட்டதும் அந்த 'நில்லு'வால்தான். மொபெட்டில் உரக்கடைக்குப் போனவர் ஆற்றுப் பாலத்தின் நடுவில் சட்டென்று பிரேக் போட்டிருக்கிறார். பின்னால் வந்த குட்டி யானை வேன் தட்டிவிட்டது. நெற்றி போய்க் கைப்பிடிச் சுவரில் மோதியது. பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். குறுக்கே நாய் இல்லை, மாடு இல்லை, பள்ளம் இல்லை. அவர் பாட்டுக்கு நின்றார். நிற்கும்போது ஒரு கையைத் தூக்கினார் என்றும் ஒருவர் சொன்னார். அன்றைக்கு அவருக்கு என்ன தப்பாகப் பட்டது என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன். அந்தப் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் என் கண் இரண்டு பக்கமும் தேடும்.

தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். மூத்தார் சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். அக்கா நடந்தார், பேசினார், எல்லாரையும் அடையாளம் சொன்னார். என் பிள்ளைகளின் பிறந்த நட்சத்திரம்கூட மறக்கவில்லை. பிழைத்தோம் என்று நாங்கள் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்துவிட்டு வந்தோம்.

மறுநாள் மாவு ஆட்டினார். கிரைண்டரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "தண்ணி ஜாஸ்தியாயிட்டுது" என்றார். சொல்லிக்கொண்டே இன்னும் ஊற்றினார். நான் விளையாட்டுக்குச் செய்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "இட்லி வராது இனிமே" என்று சொல்லிவிட்டுச் செம்பில் மிச்சம் இருந்ததையும் கவிழ்த்தார்.

ஜாக்கெட் தைக்க உட்கார்ந்தார். ஒரு கையைத் திருப்பி வைத்துத் தைத்துவிட்டார். "கை உள்வெளியா வந்துட்டு பாரு" என்று என்னிடம் காட்டினார். காட்டிவிட்டு, அப்படியே மிச்சத் தையலையும் ஓட்டி, ஹெம்மிங் முடித்து, ஊக்கும் வைத்து மடித்துவிட்டார். பழைய அக்காவாக இருந்தால் முதல் அங்குலத்திலேயே பிரித்திருப்பார். விசாரிக்க வந்த உறவுக்காரப் பெரியவரிடம், "உங்க பல் செட்டு லூசா இருக்கு, பேசுறப்ப ஆடுது" என்றார். அவர் முகம் கறுத்துப் போனது அக்காவுக்குத் தெரிந்தது. "கோவிச்சுக்கிட்டீங்க போல" என்று கேட்டுவிட்டு, மறுபடியும் பல் செட்டைப் பற்றியே பேசினார்.

இதில் என்னைக் கலவரப்படுத்தியது ஒன்று உண்டு. அக்கா நன்றாகத் தூங்க ஆரம்பித்தார். முன்பெல்லாம் ஒரு பூனை நடந்தால் எழுந்து உட்காருகிற ஆள். இப்போது படுத்ததும் குறட்டை. முகத்தில் ஒரு தெளிச்சல். பார்க்கிறவர்கள் எல்லாம், "அடிபட்டதுக்கு அப்புறம் பாப்பா மாதிரி ஆயிட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவருடைய நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் யாராவது ஒருவர் கவலைப்பட்டுத்தானே ஆக வேண்டும் என்று அந்த வேலை என் தலைக்கு வந்து சேர்ந்தது. கேஸை மூடினேனா என்று போய்ப் பார்ப்பேன். வந்து உட்காருவேன். மூடியதைப் பார்த்தேனா, மூடினதாக நினைத்தேனா என்று மறுபடி போவேன்.

திரும்பத் தஞ்சாவூருக்கே அழைத்துப் போனோம். அங்கே ஒரு டாக்டர் அம்மா, சின்ன வயசு, அக்காவை மேஜை முன் உட்காரவைத்துச் சீட்டுக்கட்டு மாதிரி ஒன்றை எடுத்தார். சீட்டுகளில் வட்டம், முக்கோணம், நட்சத்திரம். சிவப்பு, பச்சை, நீலம். ஒன்று, இரண்டு, மூன்று என்று விதவிதமாக. மேஜையில் பரப்பியிருக்கிற சீட்டுகளில் எதோடு எது சேரும் என்று அக்கா வைக்க வேண்டும். எதை வைத்துச் சேர்ப்பது என்று டாக்டர் சொல்ல மாட்டார். வைத்ததும் 'சரி' அல்லது 'தப்பு' என்று மட்டும் சொல்வார்.

அக்கா உடனே பிடித்துவிட்டார். நிறம்தான் கணக்கு. சிவப்போடு சிவப்பு, பச்சையோடு பச்சை. சரி, சரி, சரி என்று டாக்டர் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்புறம் டாக்டர் சத்தமில்லாமல் கணக்கை மாற்றினார். நிறத்தில் வைத்தால் 'தப்பு' என்றார். இப்போது உருவத்தைப் பார்க்க வேண்டும் என்று இரண்டாவது தப்பிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அக்கா நிறத்திலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"தப்பு."

"தப்புதான். கலர் இல்ல போலருக்கு இப்ப" என்றார் அக்கா. பச்சையோடு பச்சையை வைத்தார்.

"தப்பு."

"இதையும் தப்புன்னுதான் சொல்லப் போறீங்க" என்று சிவப்போடு சிவப்பை வைத்தார்.

என்னால் உட்கார முடியவில்லை. மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். கண் பார்க்கிறது, வாய் சரியாகச் சொல்கிறது, கை மட்டும் பழைய வழியிலேயே போகிறது. மேட்டூர் தண்ணீர் தள்ளிப்போனதும் ஊறின விதையைத் தூக்கிப் போட்ட கை அது.

டாக்டர் எங்களை வெளியே அழைத்து வந்து தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "இதுக்குப் பின்னாடி இருக்கிற மூளைலதான் அவங்களுக்கு அடி. நாம எல்லாரும் தப்பு பண்றோம்மா. பண்ணின உடனே உள்ள ஒண்ணு 'ஐயோ'ங்கும். நமக்குப் புரியறதுக்கு முந்தியே அது சொல்லிடும். அந்த 'ஐயோ'வ வாங்கி, போற வழிய மாத்தி விடறது இன்னொரு வேலை. ரெண்டும் முன்பக்கத்து வேலைதான். அவங்களுக்குத் தெரியறது போகல. தெரிஞ்சத வச்சு மாத்திக்கிறதுதான் போயிருக்கு."

"திரும்ப வருமா?" என்று மூத்தார் கேட்டார்.

"கொஞ்சம் தேறும். எவ்வளவுன்னு சொல்ல முடியாது. ஆனா வெளியிலேர்ந்து யாராவது நிறுத்தினா நிக்கிறாங்க, பாத்தீங்களா? அது நல்லது. நீளமா விளக்கம் சொல்லாதீங்க, திட்டாதீங்க. சின்னதா ஒரு வார்த்தை போதும்."

என்ன வார்த்தை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். மூத்தார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஒரு முடிவும் எடுக்கத் தெரியாதவள் மேல் இந்தச் சுமையா என்று இருந்தது.

ஆடி முடிந்ததும் வயல் பேச்சு வந்தது. மூத்தாருக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று எண்ணம். இத்தனை வருஷம் வெளிநாட்டில் இருந்தவருக்கு விவசாயம் அத்துப்படி இல்லை. அக்காவை நம்பவும் முடியவில்லை. அக்காவிடம் சொன்னபோது அவர் சாதம் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தாமல், "நான் போடுவேன். என் வயலு" என்றார். குரலில் கோபமே இல்லை. ஆனால் அன்று ராத்திரிதான் அடிபட்ட பிறகு முதல் முறையாக அக்கா தூங்காமல் புரள்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

காலையில் மூத்தார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இந்த ஒரு பட்டம் பாப்போம். அவளே போடட்டும். கூடவே நீ நில்லு. விதை வீணாச்சுன்னா, அப்புறம் நான் சொல்றபடிதான். வயல் பக்கமே அவ போக வேண்டாம்."

அந்த வயலை எடுத்துவிட்டால் அக்காவுக்கு என்ன மிச்சம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். மாவில் தண்ணீர் ஊற்றிவிட்டு, தப்பு என்று சொல்லிக்கொண்டு, வருகிறவர் போகிறவரின் பல் செட்டைப் பார்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பார். அதை நினைத்தபோது எனக்கு மூத்தார்மேல் ஆத்திரமாக வந்தது. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்ததால் அந்த ஆத்திரத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை.

அக்கா விதையைப் பழைய வேகத்திலேயே தேர்ந்தெடுத்தார். நடுத்தர நாள் நெல். கடைக்காரர் வேறு ஒன்றைப் புகழ்ந்து பார்த்தார், மசியவில்லை. ஊறப்போட்டு, வடித்து, சாக்கில் கட்டி வைத்தோம். சேறு கலக்கிச் சமன் செய்த வயல் கண்ணாடியாகக் கிடந்தது. தெளிக்கிற அன்று காலையில் போனில், டிவியில், எங்கே பார்த்தாலும் டெல்டாவுக்குக் கனமழை என்று ஓடிக்கொண்டிருந்தது. தென்கிழக்கே முத்துப்பேட்டைப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. எங்களுடையது பள்ளத்து வயல். தெளித்த அன்றே கனமழை கொட்டினால் விதை மிதந்து, ஓடி, ஒரு மூலையில் போய்க் குவிந்துவிடும்.

அக்கா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பிலிருந்து இறங்கினார். வானத்தைப் பார்த்தார். "மழை வரும் போலருக்கு" என்றார். முதல் கையை வீசினார்.

நான் வரப்பில் நின்றேன். சொல்லலாமா வேண்டாமா? சொல்லி மழை வராமல் போனால்? சொல்லாமல் மழை வந்தால்? கடை வாசலில் நின்று பச்சைப் புடவையை நினைத்துக்கொள்கிற அதே கால்கள்தான் வரப்பில் நின்றன. அதற்குள் அக்கா வடக்கு மூலையை முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்.

"நில்லுங்கக்கா!"

என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. அக்கா என்னைப் பார்த்தார். "தெரியுது புள்ள. மழை வந்தா எல்லாம் போயிடும்" என்று சொல்லிக்கொண்டே கூடைக்குள் கையை விட்டார். நான் சேற்றில் முழங்கால் வரைக்கும் இறங்கிப் போய்க் கூடையைப் பிடித்துக்கொண்டேன். "நில்லுங்க" என்று மறுபடியும் சொன்னேன். கை நின்றது. விரலிடுக்கில் இருந்த விதையைக் கூடையிலேயே போட்டுவிட்டு, சொன்னதைக் கேட்கிற பிள்ளை மாதிரி அக்கா என் பின்னால் வரப்பேறி வந்தார்.

மழை வரவில்லை.

அந்தக் கறுப்பு அப்படியே வேதாரண்யம் பக்கம் நகர்ந்து போய்விட்டது. மறுநாள் நல்ல வெயில். ஆனாலும் போனில் எச்சரிக்கை மாறவில்லை, நானும் விடவில்லை. இன்னும் ஒரு வேளை பார்ப்போம், இன்னும் ஒரு வேளை பார்ப்போம் என்று இழுத்தேன். அதற்கடுத்த நாள் மதியம் சாக்கை அவிழ்த்தால் விதை பாய் மாதிரி பின்னிக்கொண்டு, சூடேறிப் புளித்த வாடை அடித்தது. இனிமேல் அதை உதிர்த்துத் தெளிக்க முடியாது. எங்கள் தெருவில் யாருமே மழையை நம்பி நிற்கவில்லை. எல்லார் வயலிலும் விதை விழுந்திருந்தது.

மூத்தார் சாக்கை இழுத்துப் போய் ஆட்டுக் கொட்டகையில் கொட்டினார். கொட்டிவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"உன்ன நம்பி விட்டேன் பாரு, என்னச் சொல்லணும். அவளுக்குத்தான் மூளைல அடி, உனக்கு என்ன? கூட நிக்கச் சொன்னா குறுக்க நிக்கிற. போதும். குத்தகைக்காரர வரச் சொல்றேன்."

அழக்கூடாது என்று பல்லைக் கடித்தும் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. அக்காவின் வயலை என் வாயால் நானே பிடுங்கிவிட்டேன் என்று இருந்தது. மூத்தார் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நம்பரைத் தட்டிக் காதில் வைத்தார். அக்கா குனிந்து, பின்னிக் கிடந்த விதையைப் பிய்த்துப் பிய்த்து ஆடுகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

போட்டுக்கொண்டிருந்த கை நின்றது. நிமிர்ந்தார். வலது கை தோள் உயரத்துக்கு எழுந்தது. விரல்கள் விரிந்தன. முளைகட்டிய நெல் விரல்களில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நில்லுங்க."

மூத்தார் போனைக் காதில் வைத்தபடியே நின்றார். அந்தப் பக்கம் யாரோ 'ஹலோ, ஹலோ' என்று கூப்பிடுவது எனக்கே கேட்டது.

"அவள ஏன் திட்டுறீங்க? அவ நிறுத்துனது தப்பாப் போச்சு. நான் நிறுத்துனது எத்தன தப்பாப் போயிருக்கு. சுவாமிமலை கல்யாணத்த விட்டோமே" என்றார் அக்கா. கொஞ்சம் நிறுத்தி, சொல்லைத் தேடினார். "எனக்கு இப்ப அது வர மாட்டேங்குது. தப்புன்னு தெரியுது, நிக்க வரல. நான் போடுறேன், அவ நிறுத்தட்டும். ரெண்டு பேருமாப் போடுறோம்."

மூத்தார் போனை அணைத்தார். கிட்டே வந்தார். "இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

"எத?"

"கையத் தூக்கி இப்பச் சொன்னியே, அத."

அக்கா தன் கையைப் பார்த்தார். அது எழுந்ததே அவருக்குத் தெரியவில்லை. விரலில் ஒட்டியிருந்த நெல்லைப் புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடி ஆட்டைக் கவனிக்கப் போய்விட்டார். குத்தகைக்காரர் வரவில்லை.

மறுபடி விதை வாங்கி ஊறவைத்துத் தெளித்தோம். என் மானத்தை வாங்கவென்றே அந்த வடக்கு மூலை மட்டும், முதல் நாள் அக்கா வீசின அந்தக் கொஞ்சம் இடம் மட்டும், முந்திக்கொண்டு பச்சைப் பசேலென்று நின்றது. அறுவடை வரைக்கும் அது தனியாகத் தெரிந்தது. போகிற வருகிறவர்கள் எல்லாம், "அது யாரு போட்டது, இது யாரு நிறுத்துனது?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அப்புறம் பல வருஷம் அப்படித்தான் நடந்தது. அக்கா ஆரம்பிப்பார், நான் நிறுத்துவேன். 'ஆக்சிலேட்டர் வருது, பிரேக் வருது' என்று தெருவில் பெயர் வைத்தார்கள். மாவில் தண்ணீர், பிளவுஸில் கை, வயலில் உரம் எல்லாவற்றுக்கும் நான் ஒரு 'நில்லுங்கக்கா'. சில சமயம் சரியாக இருக்கும், பல சமயம் ஒன்றுமில்லாமல் போகும். ஒன்றுமில்லாமல் போனால், "ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சிக்கிட்டோம்ல" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே எனக்கு நிறுத்தத் தைரியம் வந்தது. ஆட்டுக் கொட்டகையில் எழுந்த அந்தக் கை மட்டும் திரும்ப எழவே இல்லை. அன்றைக்கு அது தேறி வந்ததா, பழைய பழக்கம் ஒரு தடவை தலைகாட்டிவிட்டுப் போனதா என்று டாக்டரிடம் கேட்டோம். அவரும் சிரித்துவிட்டுத் தெரியாது என்றார். பாலத்தில் ஏன் நின்றீர்கள் என்று அக்காவிடமே ஒருமுறை கேட்டேன். "ஞாபகமில்ல புள்ள. ஏதாவது இருந்திருக்கும்" என்றார்.

மூத்தார் காலமான பிறகு, சென்னையில் குடியிருக்கும் அக்காவின் மகள் அவரைத் தன்னோடு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். அடுக்கு மாடியில் எட்டாவது மாடி. அங்கே வீட்டில் எல்லா வேலைக்கும் ஆள் இருக்கிறது. நிறுத்தவும் ஆள் இருக்கிறது, ஆரம்பிக்கத்தான் அக்காவுக்கு ஒன்றுமில்லை. இங்கே எனக்கு நேர்மாறு. வயல் இப்போது என் கையில். நிறுத்த மட்டுமே பழகினவளிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள்.

இந்த வருஷமும் விதை முளை கட்டிவிட்டது. நேற்றுக் காலையில் வரப்பில் நின்றேன். வானம் மேற்கே வெளுப்பு, கிழக்கே ஒரு மாதிரி. சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்தேன், விதை கதகதப்பாக இருந்தது. தெளிக்க வந்தவர் பீடியை முடித்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்று சொல்ல வாய் வரவில்லை. அக்காவுக்குப் போன் போட்டேன். அவரிடம் கேட்பதில் அர்த்தமே இல்லை. வானம் எப்படி இருக்கிறது என்று கேட்க மாட்டார், என்ன நெல் என்று கேட்க மாட்டார். எதைச் சொன்னாலும் அவர் வாயில் ஒரே பதில்தான் வரும். அந்தப் பதிலுக்காகத்தான் கூப்பிடுகிறேன்.

"முளை வந்துட்டுக்கா. கிழக்க மேகமா இருக்கு, என்ன பண்றதுன்னு தெரியல."

"போட்டுடு" என்றார்.

போனை இடுப்பில் செருகிக்கொண்டேன். வந்த ஆளிடம் கொடுக்காமல் முதல் கூடையை நானே எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினேன். ஒரு கை அள்ளி வீசினேன். வீசிவிட்டு, காதைக் கொடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். யாரும் நில்லு என்று சொல்லவில்லை.